உழைப்பால் உயர்ந்த தந்தை அலோன்சோ ஹெர்ண்டன்

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் பள்ளி திறந்ததும் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அமர்வது தலைமையாசிரியர் பணிகளுள் ஒன்று. மாணவனின் பெயர், பிறந்த நாள், தந்தையின் பெயர் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வருவோம். அதுவரை தெளிவாக விடையளித்துவந்த சிறுவன், தந்தையின் தொழில் யாது என்று கேட்டவுடன் குரலைத் தாழ்த்திக்கொள்வான். சிலர் அருகில் நிற்கும் தந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் தரையைப் பார்ப்பார்கள். கூலி என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா என்று தந்தையே முன்வந்து சொல்லிவிடுவதும் உண்டு. அப்பன் செய்யும் தொழிலைச் சொல்ல மகன் நாணுவதையும், அந்த நாணத்தைக் கண்டு அப்பன் மனம் குன்றுவதையும் என் ஆசிரியப் பணிக் காலம் முழுவதும் கண்டு வருகிறேன். நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கழகத்தார் கேட்டபோது, அந்தப் பதிவேடும் அச்சிறுவர்களின் தாழ்ந்த குரலுமே என் நினைவுக்கு வந்தன. ஆகவே, இழிந்த தொழில் என்று பிறரால் ஒதுக்கப்பட்ட ஒன்றைக் கையிலெடுத்து, அதனாலேயே உயர்ந்து, தம் இனத்தாரையும் தாங்கி நின்ற ஒரு தந்தையின் வரலாற்றை நம் இளைஞர்களின் முன் வைக்க விழைகிறேன். அவர் அமெரிக்க நாட்டவர், கறுப்பினத்தவர், அடிமையாகப் பிறந்தவர். அவர்தம் பெயர் அலோன்சோ ஹெர்ண்டன்.

அடிமைக் குழந்தை

அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா என்றொரு மாநிலம் உண்டு. பருத்தி விளையும் செம்மண் பூமி. அங்கே வால்டன் மாவட்டத்தில், சோஷியல் சர்க்கிள் என்னும் சிற்றூரின் அருகே, 1858ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அலோன்சோ பிறந்தார். தாயின் பெயர் சோபினி. அவர் ஓர் அடிமைப் பெண். தந்தையோ அத்தாயை உடைமையாக வைத்திருந்த வெள்ளையரான பண்ணையார் பிராங்க் ஹெர்ண்டன். அந்நாளைய சட்டப்படி அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் அடிமையே. எனவே தம் சொந்தத் தந்தைக்கே அடிமையாக இம்மண்ணில் வந்து பிறந்தார் அலோன்சோ. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் எழுதப்படும் பண்ணைச் சொத்துக் கணக்கில் அவரும் ஓர் உருப்படி. அப்பண்ணையார் அவரை மகன் என்று ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கொடுத்தது ஹெர்ண்டன் என்னும் குடும்பப் பெயர் ஒன்றுதான். அதுவும் அடிமைகளுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும் பெயர்.

1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் அரசமைப்புச் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறி, அடிமை முறை நாடெங்கும் ஒழிந்தது. அப்போது அலோன்சோவுக்கு வயது ஏழு. விடுதலை வந்தது, ஆனால் வீடு வரவில்லை, நிலம் வரவில்லை, உண்ண உணவும் வரவில்லை. தாயும் தம்பியும் தாத்தா பாட்டியும் அலோன்சோவுமாக அக்குடும்பம் பண்ணையைவிட்டு வெறுங்கையோடு வெளியேறியது. தாய் நாட்கூலிக்குச் சென்றார். அக்கூலியும் பல நாளில் காசாகக் கிடைக்காது. கிழங்காகவும் பாகாகவும் கிடைக்கும். ஏழு வயதுச் சிறுவனும் தாயோடு வயலில் இறங்கினான்.

சற்று வளர்ந்ததும் அலோன்சோ உழைப்போடு சிறு வணிகத்தையும் சேர்த்துக்கொண்டார். வயல் வேலை முடிந்த நேரத்தில் நிலக்கடலை விற்றார்; வீட்டில் காய்ச்சிய பாகு விற்றார்; வண்டிச் சக்கரத்துக்கு இடும் மை விற்றார். இவ்வாறு கிடைத்த காசில் பெரும்பகுதி குடும்பத்தின் வயிற்றுக்கே போயிற்று. எஞ்சியதை முடிந்து வைத்தார். பள்ளிப்படிப்பு அவருக்கு எவ்வளவு கிடைத்தது தெரியுமா? வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓராண்டு அளவுதான். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டத்தால் தடைசெய்திருந்த மாநிலத்தில், அந்த ஓராண்டே அருமைதான்.

கையில் பதினொரு டாலர்

1878ஆம் ஆண்டு. இருபது வயது இளைஞர் அலோன்சோ, சேமித்து வைத்த பதினொரு டாலரோடு பிறந்த ஊரைவிட்டு நடந்தே புறப்பட்டார். நிலம் இல்லாதவன் அங்கேயே தங்கினால், விளைச்சலில் பாதியைப் பண்ணையாருக்கு அளந்துவிட்டு, மீதியைக் கடனுக்குக் கொடுத்து, மறுபடியும் கடன் வாங்கிப் பயிர் செய்து, பெயரளவில் விடுதலை பெற்றவனாகவும் உண்மையில் அடிமையாகவும் மடிய நேரும் என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார். ஊரைவிட்டுப் புறப்பட்ட அந்த நடையே அவர்தம் வாழ்வின் முதற்பெரும் துணிவு எனலாம்.

வழியில் செனோயா என்னும் ஊரில் பண்ணைக் கூலியாகத் தங்கினார். அங்கேதான் முடிதிருத்தும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். சில திங்களுக்குப் பின்னர் ஜோன்ஸ்பரோ என்னும் ஊருக்குச் சென்று, தமக்கென ஒரு சிறு முடிதிருத்தகம் வைத்தார். இனி எவர் நிலத்திலும் கூலிக்கு நிற்க வேண்டுவதில்லை என்ற நிலையை அவருக்கு முதன்முதலில் அளித்தவை ஒரு சவரக்கத்தியும் ஒரு கத்தரிக்கோலுமே.

இங்கே ஒன்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அக்காலத்தில் பிறருக்கு முடிதிருத்துவதும் முகம் மழிப்பதும் ஏவல் தொழிலாகக் கருதப்பட்டன. வெள்ளையர் அதைப் பெரும்பாலும் கறுப்பினத்தாருக்கே ஒதுக்கிவிட்டிருந்தனர். அடிமைக் காலத்தில் எசமானுக்கு மழித்துவிட்ட வேலைதானே என்ற இளக்காரம் அத்தொழிலின்மேல் படிந்திருந்தது. அலோன்சோ அந்த இளக்காரத்தைப் பொருட்படுத்தவில்லை. தொழிலைத் துப்புரவாகவும் நேர்த்தியாகவும் செய்தால், இகழ்பவனும் காசைக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பதை உணர்ந்திருந்தார்.

1883ஆம் ஆண்டளவில் அவர் மாநிலத்தின் பெருநகரான அட்லாண்டாவுக்கு வந்தார். அங்கே மேரியட்டா தெருவில் வில்லியம் ஹட்சின்ஸ் என்னும் கறுப்பினப் பெரியவர் ஒருவர் முடிதிருத்தகம் நடத்தி வந்தார். அலோன்சோ அவரிடம் வேலைக்கு அமர்ந்தார். ஆறே திங்களில் அக்கடையின் சரிபாதி உரிமையை விலைக்கு வாங்கிப் பங்காளி ஆனார். பின்னர்த் தாமே கடைகளை வைத்தார். 1904க்குள் நகரில் அவருக்கு மூன்று முடிதிருத்தகங்கள் இருந்தன.

அவற்றுள் தலையாயது பீச்ட்ரீ தெருவில் 66ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. அத்தெரு அட்லாண்டாவின் வணிக வீதிகளுள் முதன்மையானது. அக்கடையில் இருபதுக்கும் மேற்பட்ட நாற்காலிகள். தலைக்கு மேலே படிகச் சரவிளக்குகள். குளிப்பதற்குத் தனித்தனி அறைகள். பணியாளர் அனைவரும் கறுப்பினத்தவர். நீதிபதிகள், வழக்கறிஞர்கள், அரசியல் தலைவர்கள், பெருவணிகர்கள் ஆகியோர் வாடிக்கையாளர்கள். நாட்டின் தலைசிறந்த முடிதிருத்தகங்களுள் ஒன்று என்று அதன் புகழ் பரவியது. வந்த வருவாயை அலோன்சோ வீணாக்கவில்லை. வீடு வீடாக, மனை மனையாக வாங்கினார். நாளடைவில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும், ஆபர்ன் அவென்யூ என்னும் கறுப்பின வணிக வீதியில் கடைக் கட்டடங்களுக்கும் உரிமையாளர் ஆனார். கூலிக்குக் கிழங்கு வாங்கிய தாயின் மகன் நகரில் வீடுகளை வாடகைக்கு விடுபவரானார்.

மனத்தில் உறுத்தும் முள்

இவ்வளவு பெருமையையும் சொன்ன நான், ஓர் உண்மையை மறைத்துவிட்டால் ஆசிரியன் ஆகமாட்டேன். அந்தப் பளபளக்கும் கடையின் வாடிக்கையாளர் வெள்ளையர் மட்டுமே. கறுப்பினத்தவர் ஒருவர் அக்கடையில் நாற்காலிக்குப் பின்னே நின்று உழைக்கலாம். நாற்காலியில் அமர்ந்து முடிதிருத்திக்கொள்ள இயலாது. கடைக்கு உடையவரான அலோன்சோவும் அந்த இனத்தவர்தாம். தென்னாட்டின் நிறவெறி வழக்கம் அப்படி. கறுப்பினத்தவர் ஒருவரை அமர்த்தினால் மறுநாள் வெள்ளையர் ஒருவரும் வரமாட்டார், கடை மூடப்படும், அங்கே உழைத்த கறுப்பினக் குடும்பங்கள் பிழைப்பிழந்து போகும்.

அவர் செய்தது சரியா, தவறா என்று நம் இளைஞர்கள் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். தனிக் குவளையும் தனி வாசலும் என்ன செய்யும் என்று அறிந்த நமக்கு இது எளிதில் விழுங்கக்கூடிய செய்தி அன்று. நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அந்தக் கடையில் ஈட்டிய பொருளை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். வெள்ளையரின் தாடியை மழித்து வந்த காசு, கறுப்பினத்தவர் எவர் முன்னும் கைநீட்டாதபடி காக்கும் ஒரு நிறுவனமாக மாறிய கதையே அவர் வரலாற்றின் பிற்பகுதி.

நூற்று நாற்பது டாலர்

அந்நாளில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் கூலி நின்றுபோகும். இறந்தால் அடக்கம் செய்யவும் காசிராது. வெள்ளையர் நடத்திய பெரிய காப்பீட்டு நிறுவனங்களோ கறுப்பினத்தவரை ஏற்கத் தயங்கின. ஏற்றாலும் தாழ்வாகவே நடத்தின. பெரிய நிறுவனம் ஒன்று, ஒரே அளவு தவணை செலுத்தினாலும் கறுப்பினத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்தே இழப்பீடு வழங்குவதென 1881இல் முடிவு செய்தது. ஆகவே கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயங்களைச் சார்ந்து சிறு சிறு உதவிச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். வாரம் சில சென்ட் செலுத்தினால் நோயின்போது உதவி கிடைக்கும். இறந்தால் அடக்கச் செலவு கிடைக்கும். ஆனால் இச்சங்கங்களுள் பல போதிய முதல் இன்றியும், கணக்கு வழக்கு ஒழுங்கின்றியும் முறிந்துபோயின. சிறுகச் சிறுகக் கட்டிய ஏழையின் பணமும் அவற்றோடு போயிற்று.

1905இல் ஜார்ஜியா அரசு, இத்தகைய சங்கம் ஒவ்வொன்றும் ஐயாயிரம் டாலர் வைப்புத்தொகை கட்டவேண்டுமெனச் சட்டம் செய்தது. மக்களைக் காக்க வேண்டிய சட்டம்தான். ஆயினும் அத்துணைப் பெருந்தொகைக்குச் சிறு சங்கங்கள் எங்கே போகும்? அட்லாண்டாவில் வீட் தெருப் பாப்டிஸ்ட் தேவாலயத்தைச் சார்ந்த போதகர்கள் நடத்திவந்த சங்கம் ஒன்றும் இவ்வாறு மூடும் நிலைக்கு வந்தது. நகரில் அத்தொகையைக் கட்டக்கூடிய கறுப்பினச் செல்வர் யார் என்று தேடிய அவர்கள் அலோன்சோ ஹெர்ண்டனை அணுகினர். அவர் நூற்று நாற்பது டாலருக்குச் சங்கத்தை வாங்கினார். வைப்புத்தொகையைத் தம் பணத்திலிருந்து கட்டினார். வேறு சில சிறு சங்கங்களையும் அதனோடு இணைத்தார். அட்லாண்டா பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் இவ்வாறு உருவாயிற்று.

காப்பீட்டுத் தொழில் முடிதிருத்தும் தொழில் போன்றதன்று. முடிதிருத்தியவுடன் காசு கைக்கு வரும். கணக்கு அன்றே முடிந்துவிடும். காப்பீட்டிலோ இன்று வாங்கிய ஐந்து சென்டுக்குப் பல்லாண்டுகள் கழித்தும் பதில் சொல்ல வேண்டும். ஓராண்டுப் படிப்புள்ள அலோன்சோ இதை நன்குணர்ந்தார். தாம் கல்லாததைக் கற்றவர்களை அழைத்து வைத்துக்கொண்டார். கறுப்பினக் கல்லூரிகளில் பயின்ற ஆடவரையும் பெண்டிரையும் பொறுப்பான பணிகளில் அமர்த்தினார். படித்த கறுப்பின இளைஞருக்கு ஆசிரியப் பணியும் போதகர் பணியும் தவிர வேறு வழி அரிதாயிருந்த காலத்தில், மேசையும் பேனாவும் கணக்குப் புத்தகமும் உள்ள ஒரு வேலையை அவர் உருவாக்கித் தந்தார். முகவர்கள் வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று சிறு தொகை திரட்டினர். சலவைத் தொழிலாளியும் சமையற்காரியும் மூட்டை தூக்குபவரும் கட்டிய அந்தச் சில்லறைக் காசுகள் சேர்ந்து பெருநிதி ஆயின.

மற்றொரு பெருஞ்செயலையும் குறிப்பிட வேண்டும். பிற கறுப்பினக் காப்பீட்டுச் சங்கங்கள் முறியும் தறுவாயில் இருந்தபோது, இயன்ற வரையில் அவற்றைத் தம் நிறுவனத்தோடு இணைத்து, அவற்றின் காப்பீட்டாளர்களின் பொறுப்பைத் தாமே ஏற்றார். அவர்கள் கட்டிய பணம் வீணாகவில்லை. கறுப்பினத்தான் நடத்தும் நிறுவனத்தை நம்பினால் மோசம் போவோம் என்ற பேச்சு எழாமல் காத்தார். ஒரு சங்கம் முறிந்தால் பணத்தோடு சேர்ந்து நம்மவர்மீது நம்மவர்க்குள்ள நம்பிக்கையும் முறிந்துபோகும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1922இல் அந்நிறுவனம் அட்லாண்டா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. புளோரிடா, டென்னசி, கென்டக்கி, டெக்சஸ் முதலிய மாநிலங்களுக்கும் பரவியது.

கண்ணாடி உடைந்த இரவு

இவ்வளர்ச்சியெல்லாம் அமைதியான நாளில் நிகழ்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அட்லாண்டாவில் பெருங்கலவரம் மூண்டது. செய்தித்தாள்கள் வெளியிட்ட பொய்யும் மிகையுமான செய்திகளால் வெறியூட்டப்பட்ட வெள்ளையர் கும்பல், தெருவில் கண்ட கறுப்பினத்தவரையெல்லாம் தாக்கியது. உயிரிழந்தோர் பலர். அலோன்சோ அன்று கடையை முன்னதாகவே மூடிவிட்டிருந்தமையால் அவரும் அவருடைய பணியாளரும் தப்பினர். ஆயினும் பீச்ட்ரீ தெருக் கடையின் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. அருகிலிருந்த வேறொரு முடிதிருத்தகத்தில் பணியிலிருந்த கறுப்பினத் தொழிலாளர் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு நாளும் தம் கழுத்தை நம்பி எவருடைய கத்தியின் கீழே வெள்ளையர் அமர்ந்தனரோ, அவரையே கும்பலாகச் சேர்ந்து கொன்றனர்.

அந்த இரவுக்குப் பின்னர் நகரைவிட்டு வெளியேறியோர் உண்டு. அலோன்சோ வெளியேறவில்லை. உடைந்த கண்ணாடியை மாற்றினார், கடையைத் திறந்தார், 1913இல் அதனை இன்னும் சிறப்பாகப் புதுப்பித்தார். அவர் வாழ்நாளின் இறுதியில் மற்றொரு தாக்குதல் சட்டத்தின் வடிவில் வந்தது. கறுப்பின முடிதிருத்துநர் பெண்களுக்கும் சிறுவர்க்கும் முடிதிருத்தலாகாது என 1926இல் அட்லாண்டா நகரமன்றம் ஒரு விதி செய்தது. கறுப்பினத்தார்க்கென்று ஒதுக்கிய இழிதொழிலில் வருவாய் வருகிறது என்று கண்டதும் அதையும் பறிக்க முயன்றனர். வழக்கு ஜார்ஜியா உச்சநீதிமன்றம் வரை சென்றது. அவ்விதி செல்லாதென 1927இல் தீர்ப்பாயிற்று.

தந்தையும் மகனும்

இனி அவரைத் தந்தையாகக் காண்போம். 1893இல் அலோன்சோ, ஏட்ரியன் மெக்நீல் என்னும் கற்றறிந்த பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே பேச்சுக்கலையும் நாடகக்கலையும் கற்பித்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகம் முழுவதையும் தனியொருவராக மேடையில் நடித்துக் காட்டும் ஆற்றல் வாய்ந்தவர். ஓராண்டே பள்ளி சென்ற முடிதிருத்துநரும் பல்கலைக்கழக ஆசிரியையும் இணைந்த அந்த இல்லறத்தில் 1897இல் ஒரே மகன் பிறந்தான். அவன் பெயர் நோரிஸ்.

தம்மை மகன் என்று ஏற்காத ஒருவருக்குப் பிறந்தவர் அலோன்சோ. தந்தை என்பவர் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குக் காட்ட எவரும் இல்லை. ஆயினும் தமக்குக் கிடைக்காததையெல்லாம் தம் மகனுக்குக் கொடுத்தார். பொருளை மட்டும் கொடுக்கவில்லை. தம் அருகில் ஓர் இடத்தையும் கொடுத்தார்.

1905 ஜூலையில் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் தலைமையில், நயாகரா நீர்வீழ்ச்சியின் அருகே கனடா நாட்டுக் கரையில் ஒரு கூட்டம் கூடிற்று. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையும் சம உரிமையும் முழுமையாக வேண்டும் என்று முழங்கிய நயாகரா இயக்கத்தின் தொடக்கம் அது. அதில் கலந்துகொண்டோரில் அலோன்சோவும் ஒருவர். அங்கே எடுத்த நிழற்படம் புகழ்பெற்றது. கோட்டும் தொப்பியும் அணிந்த பெரியவர்களின் நடுவே ஒரு சிறுவன் நிற்பதை அப்படத்தில் காணலாம். அவன்தான் எட்டு வயதை எட்டவிருந்த நோரிஸ். அவ்வளவு தொலைவு பயணம் செய்து, பெரியவர்கள் உரிமை பேசும் இடத்துக்குச் சின்னஞ்சிறு மகனை ஏன் அழைத்துச் செல்லவேண்டும்? அலோன்சோ அழைத்துச் சென்றார். தாம் ஏழு வயதில் தாயின் பின்னே வயலுக்குப் போனவர். தம் மகன் ஏழு வயதில் தந்தையின் பின்னே எங்கே போகவேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார்.

கணவனும் மனைவியும் பல்கலைக்கழகத்தின் அருகே ஒரு மாளிகை கட்டினர். அதன் அமைப்பைப் பெரிதும் திட்டமிட்டவர் ஏட்ரியன் அம்மையார். கட்டியவர்கள் கறுப்பினக் கைவினைஞர்கள். அதன் கூடத்துச் சுவரின் மேற்புறத்தில் அலோன்சோவின் வாழ்க்கை, அடிமைச் சிறுவனாயிருந்த நாள் தொட்டு, ஓவிய வரிசையாகத் தீட்டப்பட்டது. செல்வம் வந்ததும் பழைய வறுமையைத் திரையிட்டு மறைப்பவர் உண்டு. இவரோ வரும் விருந்தினர் அனைவரும் காணும்படி அதனை நடுக்கூடத்திலேயே எழுதி வைத்தார். நம் பதிவேட்டுச் சிறுவர்கள் காணவேண்டிய சுவர் அது!

ஆனால் 1910இல் அம்மாளிகை முடிந்த சில நாட்களிலேயே ஏட்ரியன் அம்மையார் நோயால் மறைந்தார். அப்போது நோரிஸுக்கு வயது பன்னிரண்டு. தாயிழந்த மகனைத் தந்தை அணைத்து வளர்த்தார். 1912இல் அவர் மணந்த சிகாகோ நகரின் ஜெஸ்ஸி கில்லஸ்பி அம்மையாரும் பின்னர் நிறுவனத்தின் நிருவாகத்தில் பங்கேற்றார். நோரிஸ் 1919இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1921இல் வணிக நிருவாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஓராண்டுப் பள்ளிப் படிப்பு தந்தையுடையது. ஹார்வர்டுப் பட்டம் மகனுடையது. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் தொலைவு முழுவதையும் ஒரு சவரக்கத்தி கடந்தது.

மகனை மட்டும் படிக்கவைத்து அமைந்துவிடவில்லை அலோன்சோ. அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்கும், தாம் சார்ந்த தேவாலயத்துக்கும், உழைக்கப்போகும் தாய்மார் தம் பிள்ளைகளை விட்டுச்செல்லக்கூடிய இலவசக் குழந்தைப் பள்ளிகளுக்கும் பொருளுதவி செய்தார். தாயோடு வயலில் நின்ற சிறுவனை அவர் மறக்கவில்லை என்பதற்கு அப்பள்ளிகளே சான்று.

மறைவும் தொடர்ச்சியும்

1927ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் தம் அறுபத்தொன்பதாம் வயதில் அலோன்சோ ஹெர்ண்டன் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நோரிஸ் நிறுவனத்தின் தலைவரானார். கூச்சமும் அமைதியும் உடையவர். தாயைப் போலக் கலையில் நாட்டம் கொண்டவர். மேடையையும் புகழையும் விரும்பாதவர். ஆயினும் 1930களின் கடும் பொருளாதார மந்தத்தைத் தாண்டி நிறுவனத்தை வளர்த்தார். 1973 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், தந்தையின் நாற்காலியில் அமர்ந்து பணி புரிந்தார். 1950இல் தந்தையின் பெயரும் தம் பெயரும் கொண்ட அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்.

1960களில் நிறவெறியை எதிர்த்து அறப்போராட்டங்கள் எழுந்தபோது, சிறைப்பட்ட மாணவர்களுக்குப் பிணைத்தொகை வேண்டியிருந்தது. பிணைத்தொகை தந்து உதவிய நிறுவனங்களுள் அட்லாண்டா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் ஒன்று. கறுப்பினத்தவர் அமர இயலாத நாற்காலிகளால் ஈட்டிய பொருள், வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவக இருக்கைகளில் அமர்ந்து போராடிய இளைஞரை மீட்க உதவியது. முன்னர் உறுத்திய அந்த முள்ளுக்கு வரலாறு தந்த விடை இது என்று எனக்குத் தோன்றுகிறது. இது போதுமான விடையா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். நோரிஸ் 1977இல் மறைந்தார். அவர்கள் வாழ்ந்த மாளிகை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இளைஞர்களுக்கு

அன்புடைய இளைஞர்களே! இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, எல்லோரும் கடை வையுங்கள், எல்லோரும் செல்வராகுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சாதியின் பேரால் ஒருவர் தலையில் சுமத்திய தொழிலை அவர் மகனும் பேரனும் சுமக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். அலோன்சோவே தம் மகன் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை, புத்தகத்தைத்தான் கொடுத்தார். நான் வேண்டுவது வேறு. அந்தப் புத்தகம் எந்தக் கத்தரிக்கோலால் வாங்கப்பட்டது என்பதை மகன் மறக்கலாகாது. உங்கள் தந்தையார் தோல் தைத்தவராயிருக்கலாம்; வரப்பில் அண்டை கட்டியவராயிருக்கலாம்; தெருவைத் துப்புரவு செய்தவராயிருக்கலாம். இழிவு அவர் கைகளில் இல்லை. அக்கைகளுக்கு உரிய கூலியையும் மதிப்பையும் தர மறுத்தவர்களிடம் இருக்கிறது.

உறுப்பினர்களாகிய பெரியோர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வாரம் ஐந்து சென்ட் கட்டிய ஏழைகளின் சில்லறையில்தான் அப்பெருநிறுவனம் எழுந்தது. நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுகளும் அத்தகைய சில்லறையில் எழுந்தவையே. கணக்கு நேராக இருந்து, ஒருவர் மீது ஒருவர்க்கு நம்பிக்கை குறையாதிருந்தால், சிறுதுளி பெருவெள்ளமாகும். கூட்டம் நடக்கும்போது உங்கள் பிள்ளைகளையும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். பெரியவர்களின் நடுவே ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் நிற்கட்டும்.

வருகின்ற ஜூனிலும் பதிவேடு திறக்கப்படும். தந்தையின் தொழில் யாது என்று வழக்கம் போலக் கேட்கப்படும். அப்போது நம் வீட்டுப் பிள்ளை தலைநிமிர்ந்து, குரல் தாழாமல், தன் தந்தை செய்யும் தொழிலின் பெயரைத் தெளிவாகச் சொல்லுவானாயின், இந்தக் கட்டுரையை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.